இராயப்பர் அழக் கூடாதாம்

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குப் பேரவைக் கூட்டம். ஃபாதர் ஒரு வெடியைத் தூக்கிப் போட்டார். இந்த வருஷம் பாஸ்கா நாடகத்தை லியோ பிரபு இயக்குவானாம். பாண்டிச்சேரியிலிருந்து வருகிறானாம். அங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறான், திரைப்படச் சங்கம் நடத்துகிறான், பழைய பிரெஞ்சு சினிமாவைப் பற்றி அவனைப் போலப் பேச ஆளில்லை என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார். ஆண்டவருடைய பாடுகளுக்கும் பிரெஞ்சு சினிமாவுக்கும் என்னய்யா சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

பேரவைத் தலைவர் மரிய ஆல்பர்ட் ஐயா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, எந்த லியோ, அந்தப் பிரெஞ்சுப் படக்காரனா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

பத்தொன்பது பாஸ்காவில் நான்தான் ஆண்டவரின் தலைமைச் சீடர் இராயப்பர். 2004-இல் ஆரம்பித்தது, கொரோனா இரண்டு வருஷம் நாடகமே கிடையாது. மூன்று முறை ஆண்டவரை மறுதலித்து, கோழி கூவியதும் நெஞ்சில் மூன்று அடி அடித்துக்கொண்டு நான் அழும் அழுகையைப் பார்க்க உடையார்பாளையம், மீன்சுருட்டியிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருவார்கள். அரியலூர்–பெரம்பலூர் வண்டியில் நான் கண்டக்டர். பயணிகளே "இராயப்பரே, ரெண்டு பெரம்பலூர் குடுங்க" என்றுதான் கேட்பார்கள்.

அதில் கைவைக்க ஒருத்தன் வருகிறான்.

பிப்ரவரி 17, திங்கள்

தூக்கமில்லை. அவனேதானா வரணும்?

பிப்ரவரி 23, ஞாயிறு

வந்துவிட்டான். தலை பாதி நரைத்திருக்கிறது. கதர்ச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை, மூக்குக் கண்ணாடி. இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். வாடா போடா என்று ஒரே தட்டில் சோறு தின்றவன், கை நீட்டி, "வணக்கம் சார்" என்றான். சார்! நான் என்ன இவனுக்கு ஹெட்மாஸ்டரா?

ஹாலில் முப்பது பேரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தான். ப்ரெஸ்ஸோன் என்று ஒரு இயக்குநராம். பிரான்சில் பெரிய ஆளாம், கத்தோலிக்கர் வேறு. அவர் நடிகர்களை வைத்தே படம் எடுக்க மாட்டாராம். தெருவில் போகிறவர்களைக் கூட்டி வந்து, ஒரே வரியை முப்பது தடவை, நாற்பது தடவை சொல்லவைப்பாராம். நடிப்பெல்லாம் தேய்ந்து போய், ஆள் மட்டும் மிஞ்சுகிறவரை. அப்போதுதான் உண்மை வருமாம். நம்ம பாஸ்காவும் அப்படித்தான் இருக்கப்போகிறது, யாரும் அழ வேண்டாம், யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம் என்றான். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

என் மகள் ஷாலினி மேரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் பிடிக்கத்தான் செய்யும். கை தூக்கி வேறு கேட்டாள் — அந்த நடிகர்கள் அடுத்த படத்தில் என்ன செய்வார்கள் என்று. ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒருவரை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த மாட்டார், பழகிவிட்டால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றான் லியோ. முப்பது தலையும் என் பக்கம் திரும்பியது. பத்தொன்பது வருஷம் பழகினவன் நான் ஒருத்தன்தானே அங்கே.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இவனுக்கு அழுகை கோணல்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு டூட்டிக்குப் போனேன். "மனிதனே, நீ தூசியாக இருக்கிறாய்" என்று ஃபாதர் சொன்னபோது எனக்கு நாலு வரிசை தள்ளி அவன் நின்றான்.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்? என் கையெழுத்து அமலிக்கே புரியாது. கட்டிய பெண்டாட்டி, அவளுக்கே இது தெரியாது.

2003 தவக்காலம். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் ஹாலில் டிவி, டெக் வாடகைக்கு எடுத்து, புனிதர்கள் படம் போடுவோம். லியோவும் நானும்தான் பொறுப்பு. பாண்டிச்சேரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நான் ரோட்டோரக் கடையில் ஒரு சிடி பார்த்தேன். அட்டையில் முக்காடு போட்ட ஒரு பெண் கோயிலில் முழந்தாளில் இருக்கிறாள், பின்னால் பெரிய சிலுவை. எழுத்தெல்லாம் பிரெஞ்சு. பிரான்ஸ் என்றால் லூர்து மாதா ஊர், முழந்தாளில் இருக்கிறவள் புனிதை — வேறு எப்படி யோசிப்பேன்? வாங்கி வந்தேன். நான். என் காசில். போட்டுப் பார்க்கவும் இல்லை.

லியோ ரிமோட்டை வைத்துக்கொண்டு டெக் பக்கத்தில் உட்கார்ந்தான். பெண்களெல்லாம் கையில் ஜெபமாலை. முத்தாயி கிழவி படம் ஆரம்பித்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, இந்தப் புனிதை யாரு என்று கேட்டது. இருபது நிமிஷம் அந்தப் பெண் நடந்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். பிறகு முக்காட்டை எடுத்தாள். அதோடு நிறுத்தவில்லை.

ஹாலே எழுந்துவிட்டது. யார் கொண்டுவந்தது என்று மரிய ஆல்பர்ட் ஐயா கத்தினார். ரிமோட் லியோ கையில். ஐயா என் பக்கம் திரும்பி, "ஏன்டா சூசை, நீயும் இதுல கூட்டா?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. நான் இப்பத்தான் உள்ள வந்தேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இன்று வரை அதுதான் எரிகிறது. திருப்பி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி, சண்டை போட்டு, எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவன் அப்பா சவரிமுத்து எங்கள் கோயில் உபதேசியார். இரண்டே வாரத்தில் அவரிடமிருந்து கோயில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஈஸ்டருக்குள் லியோ பாண்டிச்சேரிக்குப் போய்விட்டான். அந்த வருஷம் அவன்தான் இராயப்பராக நடிக்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் அந்த வேஷம் எனக்கு வந்தது.

எழுதியாகிவிட்டது. மனசு ஒன்றும் லேசாகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அதே ஹால். அதே சுவர். மூன்று மணி வெயிலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, நடிகர்களுக்கு மட்டும் படம் போட்டான் லியோ. பிரெஞ்சுப் படம்தான்! ஃபாதர் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மரிய ஆல்பர்ட் ஐயா வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைச் சத்தமாகத் தட்டிக்கொண்டு போனார்.

ப்ரெஸ்ஸோன் படம். ஒருவன் கதவைத் திறக்கிறான். மூடுகிறான். நடக்கிறான். கையைக் காட்டுகிறார்கள், முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறார்கள். முகத்தைக் காட்டினால் அதில் ஒன்றும் இல்லை. எங்கள் டிப்போ செக்யூரிட்டி இதைவிட நன்றாக நடிப்பான். முடிந்ததும் எப்படி இருந்தது சார் என்று என்னைக் கேட்டான். பஸ்ஸுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது, பஸ்தான் வரவில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான். எதையாவது குறித்துக்கொண்டே இருக்கிறான்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ழான் கபேன் என்ற நடிகர் நடித்த பழைய படம். இவன் ஆள்! தாடை கனத்த முரட்டு மூஞ்சி, கலைந்த தலை, வாயோரம் சிகரெட். எங்கள் டிரைவர் வீரமணிக்குத் தொப்பி வைத்த மாதிரி இருக்கிறான். அரைப் படம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு இடத்தில் வெடித்தான் பாருங்கள் — எனக்குக் கை தட்டத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஷாலினியைப் போனில் பார்க்கச் சொன்னேன். படத்துக்குப் படம் தனக்கு ஒரு கோபக் காட்சி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்பார் என்று ஒரு கதை உண்டாம். மெய்யோ பொய்யோ. நாற்பது வயதில் போரில் டாங்கிப் படையில் இருந்தாராம், அது மெய்தானாம். சரி, எனக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது. பிரான்சிலேயே கத்துகிறவன் இருக்கும்போது நான் ஏன் கத்தக் கூடாது?

மார்ச் 18, செவ்வாய்

கபேன் விஷயத்தைக் கேட்டேன், ஹால் வாசலில் வைத்து. அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான். "கபேன் வருஷம் பூரா அடக்கி வச்சு ஒரு தடவ கத்துவார் சார். நீங்க தெனம் பஸ்ஸுல கத்துறீங்க."

இவன் நாக்கில் பாம்பு கடிக்க!

மார்ச் 20, வியாழன்

வீரமணியிடம் ப்ரெஸ்ஸோனைப் பற்றிச் சொன்னேன். அப்ப அந்தாளு படத்துக்கு நான் பொருத்தம், முப்பது வருஷமா ரோட்டத் தவிர எதையும் பாக்காம உக்காந்திருக்கேன் என்றான். அரியலூரில் இருந்து பெரம்பலூர் வரை ஒரு முகபாவமும் இல்லாமல் ஓட்டுகிற ஆள்தான்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஒத்திகை. பழைய வசனத்தை எடுத்துவிட்டான். "அம்மனிதனை நான் அறியேன்! அறியேன்! அறியேன்!" என்று நான் மூன்று கட்டை ஏற்றிச் சொன்னால் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறக்கும். அதற்குப் பதிலாக இவன் எழுதிக்கொடுத்தது:

"அந்த ஆள எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். இதுக்கா ஒரு வேஷம்?

வேலைக்காரியாக என் மகளையே நிறுத்தியிருக்கிறான். அவள் என்னைப் பார்த்து, நீங்களும் அவரோட இருந்தவர்தானே என்று கேட்கவேண்டும். நான் இதைச் சொல்லவேண்டும். சொன்னேன். இன்னொரு தடவை என்றான். சொன்னேன். இன்னொரு தடவை. கை நெஞ்சுக்குப் போகுது சார், வேண்டாம். இன்னொரு தடவை. புருவம் ஏறுது. இன்னொரு தடவை. ஷாலினிதான் எண்ணினாள், முப்பத்தொன்று. முப்பத்தொரு தடவை என் மகள் என்னைக் கேட்க, முப்பத்தொரு தடவை நான் தெரியாது என்றிருக்கிறேன், அவன் கண்ணெதிரே, அந்த ஹாலில்.

அவன் குரலை உயர்த்தவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சார், இன்னொரு தடவை சார்.

இது ஒத்திகையா? வதை. ஊரே பார்க்க என்னை அந்தச் சிடிக்கு முன்னால் நிற்கவைத்து அடிக்கிறான். ஊருக்குத்தான் அது தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. "உள்ள போங்க" கூட வரவில்லை. விசிலை வைத்தே வண்டி ஓட்டினோம்.

மார்ச் 26, புதன்

லியோ நேற்று சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு ழாக் தாத்தி என்பவர் படம் போட்டான். நான் ஷாலினியைக் கூப்பிட மட்டும்தான் போனேன். நெட்டையாக ஒரு ஆள், குட்டைப் பேன்ட், வாயில் பைப். பேசவே மாட்டேன் என்கிறான். நடந்தாலே ஏதாவது உடைகிறது. வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டேன். திரும்பினால் லியோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனும் சிரித்த முகமாக. நான் சட்டென்று செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஏன் வெட்கமாக இருந்தது?

மார்ச் 30, ஞாயிறு

இன்று நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஹாலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கம். என்ன, பழி வாங்குறியாடா என்றேன். டா போட்டுத்தான் கேட்டேன்.

அவன் கண்ணாடியைத் துடைத்தான். நிதானமாகத் துடைத்தான். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"உங்கள எனக்கு அவ்வளவாத் தெரியாது சார்" என்றான்.

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கோபம் இல்லை, நக்கல் இல்லை. அந்தப் படத்துக்காரன் கதவை மூடினது போலச் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் தொட்டியில் முகத்தைக் கழுவினேன். எனக்கு அவனைக் கொன்று போடலாம் போல இருந்தது. கொல்லத் தைரியம் இருக்கிறவன் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பானே!

ஏப்ரல் 3, வியாழன்

மரிய ஆல்பர்ட் ஐயா வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு மனு. லியோ பாடுகளின் நாடகத்தைக் கேலிக்கூத்தாக்குகிறான், மாதா அழவில்லை, இராயப்பர் அழவில்லை, தவக்காலத்தில் பிரெஞ்சுப் படம், இவன் பழைய ஆள்தான் என்று இரண்டு பக்கம். இனி இந்தப் பங்கில் அவன் காலெடுத்து வைக்கக் கூடாது என்று கடைசி வரி. பாஸ்கா முடிந்ததும் பேரவையில் வைக்கிறாராம். முதல் கையெழுத்து இராயப்பருடையதாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார்.

போட்டேன். "மரியசூசை" என்று முழுப் பெயரும், சுழித்து.

அமலி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கையெழுத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்த மனுஷன் உங்களை என்ன செஞ்சாரு என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே போ என்றேன். பஸ்ஸில் சொல்வது போலவே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எப்படி எழுதுவது.

மத்தியானம் ஒத்திகை. நேற்று டபுள் டூட்டி, வயிறு காலி, வெயில் வேறு. ஷாலினி கேட்கிறாள், நான் சொல்கிறேன், இன்னொரு தடவை சார். இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். எனக்கு எதுவும் செய்யத் தெம்பில்லை. அழவோ, முறைக்கவோ, லியோவை வெறுக்கவோகூடத் தெம்பில்லை. அவள் மறுபடி கேட்டாள், நீங்களும் அவரோட இருந்தவர்தானே என்று. நான் சொன்னேன்.

"அந்த ஆள எனக்குத் தெரியாது."

சில்லறை இல்லை என்று சொல்கிற குரலில் வந்தது. சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. இது அந்தக் குரல். 2003-இல் வந்த அதே குரல். அன்றைக்கு நான் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. அழவில்லை. ஒரு உணர்ச்சியும் இல்லாமல், காலியாகத்தான் சொன்னேன். இப்படித்தான் மனுஷன் மறுதலிப்பான். பத்தொன்பது வருஷமாக நான் மேடையில் அழுது புரண்டது என்ன? அதை மூடத்தானே?

ஷாலினி அடுத்த வரியை மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். லியோ நோட்டை மூடினான். சரி என்றான். அவ்வளவுதான். இன்னொரு தடவை கேட்கவில்லை.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தேன். அவனை இன்னும் பிடிக்கவில்லை. முன்னைவிட அதிகமாகவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பாஸ்கா முடிந்தது. ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள். முன்பெல்லாம் விடிய விடிய நடக்கும்.

கோயில் மைதானம் நிறைந்த கூட்டம். என் முறை வந்தது. சொன்னேன், மூன்று தடவையும், அந்தக் குரலில். கோழி கூவியது. எப்போதும் கூட்டமும் என்னோடு சேர்ந்து விசும்பும். இன்று ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. நான் திரும்பி, மேடையின் ஓரத்துக்கு நடந்து, படியில் இறங்கிப் போனேன். அழவில்லை. முன்வரிசையில் முத்தாயி கிழவி, சூசைக்கு ஒடம்பு சரியில்லயா என்று பக்கத்தில் கேட்டது மேடை வரை கேட்டது.

அமலி அழுதிருக்கிறாள். என் பத்தொன்பது இராயப்பருக்கும் அழாதவள், இருட்டில் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம், ஷாலினி சொன்னாள். சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க யாரத் தெரியாதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். ரசத்தை ஊற்றச் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு, வண்டியில் கூட்டம். ஒருத்தர் விடாமல் எல்லோரும் கேட்டார்கள். என்ன இராயப்பரே, ரேடியோவில் செய்தி வாசித்த மாதிரி இருந்ததே என்றான் ஒருவன். வேன் வாடகை தண்டம் என்றான் மீன்சுருட்டிக்காரன். ஒரு பெண் மட்டும், கைக்குழந்தையோடு கடைசி சீட்டில் இருந்தவள், இறங்கும்போது, நேத்து உங்களப் பாத்து பயந்துட்டேன் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 16, புதன்

பேரவைக் கூட்டம். ஹால் நிரம்பி வாசல் வரை ஆள். மரிய ஆல்பர்ட் ஐயா மனுவை வாசித்தார். நாற்பத்தாறு கையெழுத்து. முதல் பெயரைச் சத்தமாகப் படித்தார். லியோ கடைசி பெஞ்சில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் டெக் அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஐயா என்னை எழுந்திருக்கச் சொன்னார். "இவன் அந்தக் காலத்துலயே பிரெஞ்சுப் படக்காரன், ஊரக் கெடுத்தவன். இன்னிக்கு உன் வேஷத்தக் கெடுத்துட்டான். நீயே சொல்லு சூசை."

எழுந்தேன். இதோ, நாலாவது தடவை கேட்கிறார்கள் என்று தோன்றியது. தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். வாயும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. லியோவைப் பார்த்தேன். அவன் அன்றைக்குப் போலவே வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த சிடிய வாங்கிட்டு வந்தது நான்தான்யா. லியோ இல்ல. அவனுக்கு அதுல என்ன இருக்குன்னே தெரியாது. எனக்கும்தான். என்னைய எல்லாரும் மன்னிச்சிருங்க."

கடைசியில் குரல் உடைந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது, பழக்கதோஷம்.

ஊர் இடிந்து விழும் என்று நினைத்தேன். மரிய ஆல்பர்ட் ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, எந்த சிடி என்றார். மறந்திருக்கிறார்! ஒரு மனுஷன் பிழைப்பையும் அவன் அப்பன் சாவியையும் பிடுங்கின சிடி, அவருக்கு ஞாபகம் இல்லை. பட்டப்பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. யாரோ எடுத்துச் சொன்னார்கள். அது கெடக்கட்டும், பாஸ்காவப் பத்திப் பேசு என்றார். பேச ஒன்றுமில்லை, என் கையெழுத்தை அடியுங்கள் என்றேன். அடுத்த வருஷம் இராயப்பர் வேஷத்துக்கு வேறு ஆளைப் பார்க்கவேண்டியிருக்கும் என்றார். பாருங்கள் என்றேன். ஒவ்வொருத்தராக வந்து பெயரை அடித்தார்கள். எல்லோரும் இல்லை, பதினேழு பேர். ஃபாதர் ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். மனு அப்படியே மேஜையில் கிடந்தது.

லியோ பையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்குக்கு வருஷா வருஷம் முதல் நாற்காலி எனக்கு. இந்த வருஷம் பன்னிரண்டு பேர் பட்டியலில் என் பெயர் இல்லை. கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அமலி நேற்றிலிருந்து பேசவில்லை. சவரிமுத்து உபதேசியார்தான் சின்ன வயதில் அவள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவராம். எனக்கு அது தெரியாது. ஷாலினி மட்டும், அப்ப அந்த வேஷமே அவரோடதாப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அமலி கஞ்சி ஊற்றினாள். பேசவில்லை. ஆனால் உப்புப் போட்டிருந்தாள். நேற்று வரை அதுகூட இல்லை.

ஏப்ரல் 19, சனி

பட்டப்பெயர் கை மாறிவிட்டது. காலை முதல் டிரிப்பிலேயே ஒருத்தன், "பிரெஞ்சுப் படக்காரரே, அரியலூர் ஒண்ணு" என்றான். வண்டியே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இனி சாகிறவரை இதுதான் என் பெயர். வீரமணி முன்னாலிருந்து திரும்பாமலே, கபேன் மாதிரி ஒரு தடவ கத்தி வுடுங்க என்றான். எனக்குக் கத்தத் தோன்றவில்லை.

பத்தரை மணி வண்டியில் லியோ ஏறினான். துணிப்பை, ஒரு பெட்டி. பாண்டிச்சேரிக்குத் திரும்புகிறான், ஈஸ்டருக்குக்கூட இருக்கவில்லை. பெரம்பலூர் என்று மட்டும் சொன்னான். டிக்கெட் கொடுத்தேன். இடம் இருந்தும் உட்காரவில்லை; பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் நிற்கிற இடத்தில் நின்றான். முந்திரிக் காடு போயிற்று, சிமெண்ட் லாரி வரிசை போயிற்று. உங்க அப்பா என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தான். நிறுத்திக்கொண்டேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கின பிறகு அவன் இறங்கினான். பெட்டியை நான் எடுத்துக் கொடுத்தேன். கீழே நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கு ஹால்ல நல்லாத்தான் சொன்ன" என்றான். "கடைசி வரியிலதான் நடிச்சுட்டடா."

சிரிக்கவில்லை. விழுப்புரம் வண்டி நிற்கிற பக்கம் போய்விட்டான். திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன், பார்க்கவில்லை.

டா என்றான். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது, வீரமணி டீ வாங்கப் போனபோது.

வண்டி காலி. கடைசி சீட்டில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மன்னிச்சிருங்க என்ற அந்தக் கடைசி வரியைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாவது தடவை புருவம் ஏறியது. மூன்றாவதும் சரியில்லை. வீரமணி டீயோடு வந்து, யாருகிட்ட பேசுறீங்க என்று கேட்டான். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொன்னேன்.